இட்டி அச்சுதன் வைத்தியர்

பாலக்காட்டு எல்லையில் நாட்டு வைத்தியரின் கஷாயம் குடித்து வளர்ந்தவன் நான். தாவரவியல் வகுப்பிலோ, அதே மூலிகைகளின் பெயர்களுக்குப் பின்னால் லின்னேயஸின் முத்திரையைக் காண்கிறேன். அவருக்குத் துணைநின்ற நூல்களில் ஒன்று ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்தது. தொகுத்தவர் கொச்சியின் டச்சுக் கவர்னர் வான் ரீடு, புகழும் அவருக்கே.

மூலிகைகளின் பெயரும் குணமும் சொன்னவர் யார்? சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியில் வாழ்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். குடும்ப ஏட்டுச்சுவடி அவர் கையில் இருந்தது. 1675-இல் அவர் எழுதித் தந்த சான்று முதற்பாகத்தில் கோலெழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. நல்லவேளை! இல்லையேல் வரலாற்றாசிரியர்கள் அவரை அடியோடு மறந்திருப்பார்கள். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோரும் உதவினர்.

அச்சுதன் பேசிய மலையாளத்தில் அந்நூல் வர 2008 ஆயிற்று. மொழிபெயர்த்தவர் கே. எஸ். மணிலால்.