பச்சைப் பொடி கேட்ட கேள்வி: யார் இந்த நெவில் மாட்?

செம்பில் மின்சாரம் ஓடும், கண்ணாடியில் ஓடாது. ஏன்? 1930-களில் இயற்பியலாளர்களிடம் இதற்குத் தெளிவான பதில் இருந்தது. எலக்ட்ரான்களுக்கான இடங்கள் முழுசாக நிரம்பியிருந்தால் அது இன்சுலேட்டர், அதாவது மின்கடத்தாப் பொருள். பாதி காலியாக இருந்தால் உலோகம். அவ்வளவுதான்.

இந்தப் பதிலுக்குச் சிக்காமல் நின்றது நிக்கல் ஆக்சைடு என்ற பச்சைப் பொடி. 1937-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்த மாநாட்டில், நெதர்லாந்தின் டி போயர், வெர்வே இருவரும் அதைப் பற்றிப் பேசினார்கள். கணக்குப்படி அதில் மின்சாரம் ஓட வேண்டும். ஆனால் ஓடவில்லை.

அப்போது பிரிஸ்டலில் பேராசிரியராக இருந்தவர் நெவில் மாட். 1905-ல் லீட்ஸில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளிவிடுவதுதான் காரணமாக இருக்கும் என்றார் ருடால்ஃப் பையர்ல்ஸ். மாட் அந்த யோசனையை விடவே இல்லை. 1949-ல் அதை விரிவாக எழுதினார்.

ஒரு டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே இரண்டு பேர் உட்காரும் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒருவர்தான் இருக்கிறார், ஆனால் பக்கத்தில் யாரையும் உட்கார விடமாட்டார். பாதி பஸ் காலி; ஆனாலும் யாராலும் இடம் மாற முடியாது. எலக்ட்ரான்கள் நிலைமையும் இதுதான் என்றார் மாட்.

எதிர்ப்பும் வந்தது. அணுக்களின் காந்தத்தன்மை மாறி மாறி எதிரெதிராக அடுக்கப்பட்டிருப்பதுதான் காரணம் என்று 1951-ல் ஜான் ஸ்லேட்டர் வாதிட்டார். ஆனால் சுமார் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் அந்தக் காந்த ஒழுங்கு கலைந்த பிறகும் நிக்கல் ஆக்சைடு இன்சுலேட்டராகவே இருக்கிறது. மாட் பக்கம் வலுவானது.

சரி, பூட்டை எப்படித் திறப்பது? பஸ்ஸிலிருந்து சிலரை இறக்கிவிட்டால் போதும். காலி சீட்டுக்கு ஒருவர் மாறுவார், அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர். வேதியியலில் இதற்குப் பெயர் டோப்பிங். நிக்கல் ஆக்சைடில் கொஞ்சம் லித்தியம் கலந்தால் பச்சை போய்க் கருப்பாகும். மின்சாரம் கடத்தவும் ஆரம்பிக்கும். லாந்தனம் மாங்கனீஸ் ஆக்சைடில் போதுமான ஸ்ட்ரான்சியம் சேர்த்தால், காந்தமாகவும் உலோகமாகவும் ஒரேசமயத்தில் மாறிவிடும்.

1977-ல், 72-வது வயதில், பிலிப் ஆண்டர்சன், வான் வ்ளெக் ஆகியோருடன் மாட்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கதை அங்கே முடியவில்லை. 1986-ல் பெட்னோர்ஸும் முல்லரும் உயர் வெப்பநிலை மீகடத்தியைக் கண்டுபிடித்தார்கள். அதன் மூலப்பொருளான லாந்தனம் காப்பர் ஆக்சைடு ஒரு 'மாட் இன்சுலேட்டர்'! டோப்பிங் செய்ததும் அதில் மின்தடையே இல்லாமல் போனது. எண்பதைத் தாண்டிய மாட் மறுபடி பேனாவை எடுத்து, அதைப் பற்றியும் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்.

1996 ஆகஸ்ட் 8-ல் மாட் காலமானார். அந்த ஆக்சைடுகள் ஏன் அப்படி மாறுகின்றன என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது. அதில் தினமும் அடிபடுகிறது அவர் பெயர்.