வேலூரில் முடிந்த கண்டி: கண்ணுசாமி என்ற கடைசி அரசன்

பிரான்சின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குச் சுற்றுலா போகும் புலம்பெயர் உறவுகள் அங்குள்ள அரண்மனைகளையும் பூந்தோட்டங்களையும் படமெடுத்து அனுப்புவார்கள். எந்த அறையில் எந்த அரசன் படுத்தான், எந்தத் தோட்டத்தை எந்த இராணி போட்டாள் என்பதுவரை அங்கே சொல்லித்தருகிறார்கள். கந்தப்பளையில் இருக்கும் நமக்கும் ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கு உண்டு. இராகலை தாண்டி வலப்பனைப் பக்கமாக இறங்கி ஹங்குராங்கெத்த, அங்கிருந்து கண்டி, பிறகு பேராதனை என்று மகாவலியை ஒட்டி ஒரே நாளில் பார்த்து வரலாம். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போவதும் பெரும்பாலும் கண்டிக்கும் பேராதனைக்கும்தான். ஆனால் அந்த இடங்களில் கடைசியாக ஆண்ட அரசனைப் பற்றி அவர்கள் கேட்டு வருவது ஒரே ஒரு செய்தி: அவன் கொடியவன்.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிறந்தது 1780 அளவில். இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழிவந்த குடும்பம். பூர்வீகத்தில் தெலுங்கர், வழக்கில் தமிழும் உண்டு. கண்டி அரசர்கள் மதுரையிலிருந்து பெண்ணெடுத்த வழக்கத்தால் அந்த உறவினர்கள் கண்டியிலேயே குடியேறினார்கள். நேர் வாரிசு இல்லாமல் போனபோது, 1739இல் இராணியின் சகோதரன் சிம்மாசனம் ஏறினான். அன்றிலிருந்து நான்கு நாயக்க அரசர்கள். அவர்கள் பௌத்தத்தைப் பேணியே ஆண்டார்கள்.

1798இல் ராஜாதி ராஜசிங்கன் பிள்ளையில்லாமல் இறந்தபோது, முதல் அதிகாரம் பிலிமத்தலாவை பதினெட்டு வயது கண்ணுசாமியைத் தேர்ந்தெடுத்தான். தலையாட்டும் பையன் ஒருவன் கிடைத்தால் ஆட்சி தன் கைக்கு வரும் என்பது அவன் கணக்கு. உரிமை கோரிய இன்னொருவன் முத்துசாமி, மறைந்த அரசனின் இராணி ஒருத்தியின் சகோதரன். அவன் கரையோரத்துக்கு ஓடி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான்.

ஹங்குராங்கெத்த இந்தக் கதைக்குள் வருவது 1803இல். ஆளுநர் நோர்த்தின் படை அந்த ஆண்டு பெப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்தது. நகரம் வெறுமையாக இருந்தது. அரசன் ஹங்குராங்கெத்த அரண்மனைக்குப் பின்வாங்கியிருந்தான். ஆங்கிலேயர் முத்துசாமியை அரசனாக்கிவிட்டு, ஒரு காவற்படையை மட்டும் கண்டியில் விட்டுச் சென்றார்கள். காய்ச்சல் அந்தப் படையைத் தின்றது. ஜூன் 24ஆம் திகதி கண்டியப் படைகள் சூழ்ந்தபோது தளபதி மேஜர் டேவி சரணடைந்தார். திருகோணமலை நோக்கிப் புறப்பட்ட படையை வட்டப்புளுவைத் துறையில் மகாவலி மறித்தது. ஆறு பெருக்கெடுத்து ஓடியது, கடக்கத் தெப்பமில்லை. முத்துசாமியை ஒப்படைக்கும்படி அரசன் ஆளனுப்பினான். டேவி ஒப்படைத்தார், முத்துசாமி கொல்லப்பட்டான். அதன்பின் ஆயுதம் களையப்பட்ட படைவீரர்களும் கரையிலேயே கொல்லப்பட்டார்கள். சரணடைந்தவர்களைக் கொன்ற கதை நமக்குப் புதிதல்ல. அதைச் செய்தவன் நம் மொழி பேசியவன் என்பதற்காக இதை மெல்லச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

இன்று ஹங்குராங்கெத்தவில் பார்க்க அரண்மனை இல்லை. ஆங்கிலப் படைகள் அதை எரித்துவிட்டன. எஞ்சிய கற்கள் பொத்குல் விகாரைக்குள் போயின. ஏட்டுச் சுவடிகள் நிறைந்த விகாரை அது. நமது நுவரெலியா மாவட்டத்துக்குள்ளேயே இருந்தும், தோட்டங்களிலிருந்து அங்கே போய்வந்தவர்கள் குறைவு.

கண்டி நகரம் இன்றைக்கு இருக்கும் அழகில் பெரும்பங்கு இந்த அரசனுடையது. தலதா மாளிகையின் முகப்பில் நிற்கும் எண்கோண மண்டபமான பத்திரிப்புவ, அலை அலையாக வளையும் மேகச்சுவர், வயலை மறித்துக் கட்டிய கண்டி வாவி எல்லாம் அவன் காலத்தவை. கலைஞன் தேவேந்திர மூலாச்சாரி. ஆனால் மண் சுமந்தது இராஜகாரிய முறையில் கூலியில்லாமல் அழைக்கப்பட்ட குடியானவர்கள். வாவி வேலை 1812 வரை இழுத்தபோது, பிரதானிகளின் வெறுப்போடு குடிமக்களின் வெறுப்பும் சேர்ந்தது. கரையில் நின்று படமெடுப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. தேயிலை மலையின் அழகைப் படமெடுப்பவர்களுக்கும் அப்படித்தான்.

பையன் தலையாட்டவில்லை. பிலிமத்தலாவை சதி செய்து பிடிபட்டு மரண தண்டனை பெற்றான். அவனுக்குப் பின் வந்த எஹெலபொல 1814இல் ஆங்கிலேயரிடம் ஓடினான். அரசன் பழிதீர்த்தது எஹெலபொலவின் மனைவி மக்கள் மீது. பிள்ளைகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தாய் பொகம்பறைக் குளத்தில் அமிழ்த்திக் கொல்லப்பட்டாள். இந்தக் கொலையின் விவரங்களை ஆங்கிலேயர் ஊதிப் பெருக்கியிருக்கலாம், கொலை நடக்கவில்லை என்று சொல்ல இடமில்லை. அதே வேளை, இந்தக் கொலையால் மனம் நொந்துதான் அவர்கள் படையெடுத்தார்கள் என்பதும் நம்பக்கூடியதல்ல. ஜோன் டொயிலி என்ற அதிகாரி பல ஆண்டுகளாகக் கண்டிக்குள் ஒற்றர்களை வைத்திருந்தார், பிரதானிகளோடு இரகசியக் கடிதம் பரிமாறினார். படையெடுப்புக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அரசன் அதைக் கையில் கொடுத்தான்.

1815 பெப்ரவரியில் ஆங்கிலப் படை பெரிய எதிர்ப்பில்லாமல் கண்டிக்குள் வந்தது. அரசன் தும்பறைப் பக்கம் தப்பிப் போய், மெதமகாநுவரவுக்கு அருகே ஒரு வீட்டில் ஒளிந்திருந்தான். பெப்ரவரி 18ஆம் திகதி எஹெலபொலவின் ஆட்கள் அவனையும் இரண்டு இராணிகளையும் பிடித்தார்கள். அரசனைக் கொடியால் கட்டினார்கள், இராணிகளின் காதணிகளைச் சதையோடு பிய்த்தார்கள் என்று கூடச் சென்ற மொழிபெயர்ப்பாளரின் குறிப்பு சொல்கிறது. பிடிபட்ட இடத்தில் இன்று ஒரு நினைவுக்கல் நிற்கிறது.

மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவ என்ற அரச சபை மண்டபத்தில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. செதுக்கிய மரத்தூண்கள் நிறைந்த அந்த மண்டபத்தை இப்போதும் பார்க்கலாம். ஒப்பந்தத்தில் யார் தமிழ் எழுத்தில் கையெழுத்திட்டார்கள் என்பதைப் பற்றி நம்மிடையே நிறையப் பேச்சு உண்டு. அதைவிட நாம் வாசிக்கவேண்டியது மூன்றாம் உறுப்புரை. அரசனின் ஆண் உறவினர்கள் எல்லோரையும் அது எதிரிகள் என்று அறிவித்தது. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள், அதாவது தமிழகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், அனுமதியில்லாமல் கண்டி மாகாணங்களுக்குத் திரும்பக்கூடாது, திரும்பினால் இராணுவச் சட்டத்தின்படி தண்டனை என்றது. மலைநாட்டிலிருந்து ஒரு கூட்டத்தை இனம் பார்த்துச் சட்டம் போட்டு வெளியேற்றிய முதல் ஆவணம் இதுதான் என்பது என் கணிப்பு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பற்றி எழுதும்போது இவ்வளவு தூரம் பின்னால் போக நாம் பழகவில்லை.

அரசனைக் கொழும்பில் காவலில் வைத்து, 1816 ஜனவரியில் கோர்ன்வாலிஸ் என்ற கப்பலில் குடும்பத்தோடும் பரிவாரத்தோடும் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வேலூர்க் கோட்டை. அகழி சூழ்ந்த அந்தக் கல்கோட்டையில், பத்தாண்டுகளுக்கு முன்புவரை திப்பு சுல்தானின் பிள்ளைகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். தோற்ற அரச குடும்பங்களை வைக்க ஆங்கிலேயருக்கு அது பழகிய இடம்.

இனிப் பேராதனை. மகாவலி மூன்று பக்கமும் வளைந்து ஓடும் அந்த நிலம் நாயக்க அரசர்களின் அரச தோட்டமாக இருந்தது. அரசனை நாடு கடத்தி ஐந்து ஆண்டுகளில், 1821இல், அலெக்சாந்தர் மூன் என்ற தாவரவியலாளர் அதைப் பூங்காவாக அமைத்தார். அவர் அங்கே நட்டவற்றில் கோப்பியும் ஒன்று. எதிர்க்கரையிலுள்ள கன்னொறுவையில் ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் தானே ஒரு கோப்பித் தோட்டம் போட்டார். கம்பளை சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் போட்டது மற்றொன்று. இவற்றைத் தொடர்ந்து தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் அழைத்துவரப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கு எழுதுவார் இருக்கவில்லை.

மலையகத் தமிழரின் வருகையை 1823 எனக் கொண்டுதான் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நினைவு நடைபயணம் போனார்கள். அந்த 1823இல் கண்ணுசாமி உயிரோடு இருந்தான். அவன் வேலூரில் கைதி. அவன் இனத்தார் மலைக்கு வந்தால் இராணுவச் சட்டத்தின்படி தண்டனை என்று எழுதிய அதே அரசாங்கம், அதே கடலுக்கு அப்பாலிருந்து ஆளை வரவழைத்துக்கொண்டிருந்தது. உறுப்புரையில் ஒரு வாசல் விட்டிருந்தார்கள்: அனுமதியோடு வரலாம். கூலிக்கு வருபவனுக்கு அனுமதி கிடைத்தது. பிறகு அந்தக் கூலியின் பேரப்பிள்ளைகளிடம் நாடு எதுவென்று கேட்டார்கள். 1977லும் 1983லும் துரத்தப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் அங்கே மீண்டும் போரால் பெயர்க்கப்பட்ட கதை, இதை வாசிக்கும் பலருக்குச் சொந்த வீட்டுக் கதை.

காட்டிக்கொடுத்தவனுக்கும் கண்டி கிடைக்கவில்லை. அரசனாகலாம் என்று காத்திருந்த எஹெலபொலவை 1818 கலகத்தின்போது ஆங்கிலேயர் கைது செய்து, பின்னர் மொரீசியசுக்கு அனுப்பினார்கள். 1829இல் அங்கேயே இறந்தான். அந்தக் கலகக்காரர்கள் தங்கள் அரசனாக முன்னிறுத்தியவன் துரைசாமி என்ற நாயக்க இளவரசன் என்று சொல்லிக்கொண்டவன். கொடியவன் என்று விரட்டி மூன்று ஆண்டுகளுக்குள், ஊவாவின் சிங்களக் குடியானவர்களுக்கு ஒரு நாயக்கப் பெயர் தேவைப்பட்டது. பாடப்புத்தகங்களில் இந்த இடம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துபோகப்படுகிறது.

கண்ணுசாமி 1832 ஜனவரி 30ஆம் திகதி வேலூரில் இறந்தான், நீர்க்கோவை நோயால். வயது ஐம்பத்திரண்டு அளவில். ஆண்டது பதினேழு ஆண்டு, சிறையிருந்தது ஏறக்குறைய அதே காலம். இங்கிலாந்துக்குக் கொண்டுபோன சிம்மாசனம் 1934இல் திரும்பி வந்து கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வேலூரில், பாலாற்றங்கரையில், அவனுக்கும் குடும்பத்தாருக்குமான கல்லறைகளைச் சேர்த்துத் தமிழ்நாடு அரசு 1990இல் முத்து மண்டபம் கட்டியது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீற்றர். மருத்துவத்துக்காக வேலூர் போகும் இலங்கைத் தமிழர்கள் ஏராளம். நேரம் கிடைத்தால் எட்டிப் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பது மகாவலி போல ஓடும் ஆறல்ல. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான்.