புவாத்தியே நகர் ஆயர் புனித இலாரியார்

ஞாயிறு தோறும் பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, கிறிஸ்துநாதர் பிதாவோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிடுகிறோம். பழக்கத்தினால் நாவில் ஓடிவிடும் இச்சொல்லுக்காக ஆயர்கள் தங்கள் ஆசனத்தை இழந்தார்கள், நாடு கடத்தப்பட்டார்கள், சிலர் அந்நிய மண்ணிலேயே மரித்தார்கள். அவர்களுள் ஒருவர், தை மாதம் 13ந் திகதி திருச்சபை நினைவுகூரும் புனித இலாரியார். இங்கிலாந்து நீதிமன்றங்களில் தை மாதம் தொடங்கும் தவணைக்கு இன்றும் இவர் பெயரே வழங்குகிறது. ஆனால் எம்மவருள் இவரை அறிந்தவர்கள் சிலரே.

4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பிரான்ஸ் தேசத்தின் மேற்கே உள்ள புவாத்தியே நகரில் பிறந்தவர். அத்தேசத்துக்கு அக்காலத்தில் காலியா என்று பெயர். கல்வியிலும் செல்வத்திலும் குறைவில்லை; ஆயினும் உண்டு உடுத்து ஓய்ந்திருப்பதுதானா மனித வாழ்வு என்ற கேள்வி அவரை விடவில்லை. விடை தேடியவர் கைக்கு வேதாகமம் எட்டியது. இறைவன் மோயீசனுக்குத் தமது பெயரை வெளிப்படுத்திய இடத்தை வாசித்து மலைத்துப் போனார். பின்பு அருளப்பர் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை வாசித்தார். கடவுளாகிய வார்த்தையானவரே மனிதரானார் என்று அறிந்தபோது அவரது தேட்டம் முடிந்தது. இவற்றையெல்லாம் அவரே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

வளர்ந்த வயதிலேயே ஞானஸ்நானம் பெற்றார். அவர் விவாகமானவர் என்றும், ஆப்ரா என்ற மகள் இருந்தாள் என்றும் பரம்பரைச் செய்தி கூறுகிறது. ஆயருக்கு மகளா என்று வாசகர் திகைக்க வேண்டாம். அக்காலத்தில் குடும்பத்தவரும் அந்நிலைக்கு உயர்த்தப்பட்டதுண்டு. ஏறக்குறைய 350ஆம் ஆண்டளவில் இவர் புவாத்தியே நகரின் ஆயரானார். மத்தேயு சுவிசேஷத்துக்கு இவர் எழுதிய விளக்கம், அச்சுவிசேஷத்துக்கு இலத்தீன் மொழியில் இன்று எமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையவற்றுள் ஒன்று.

அலெக்சாந்திரியா நகரக் குருவாகிய ஆரியு, தேவசுதன் நித்தியரல்லர், படைக்கப்பட்டவரே என்று போதித்தான். 325ஆம் ஆண்டு நீசேயா பொதுச் சங்கம் இத்தப்பறையைக் கண்டித்து, பிதாவோடு ஒரே பொருளானவர் என்ற சொல்லை வகுத்தது. சச்சரவு அத்துடன் ஓயவில்லை. 353இல் முழு இராச்சியத்தையும் தன் கைக்குள் கொண்டுவந்த பேரரசன் கொன்ஸ்தாந்தியு, நீசேயாவின் தூணாக நின்ற அத்தனாசியாரை எல்லா ஆயரும் கண்டிக்க வேண்டுமென்று வற்புறுத்தினான். 355இல் மிலான் நகரச் சங்கத்தில் மறுத்தவர்கள் நாடு கடத்தப்பட்டனர். பாப்பரசர் லிபேரியுவும் தப்பவில்லை.

இவ்வேளையில்தான் இலாரியார் எழுந்தார். வியப்பான செய்தி ஒன்று உண்டு: ஆயராகிச் சில காலம் சென்றும், நாடுகடத்தல் நெருங்கும்வரை நீசேயா விசுவாசப் பிரமாணத்தைத் தாம் கேட்டிருக்கவில்லை என்று அவரே கூறுகிறார். சுவிசேஷத்திலிருந்தும் அப்போஸ்தலரின் எழுத்துக்களிலிருந்தும் கற்ற விசுவாசமே, எது பிழை என்று அவருக்குக் காட்டப் போதுமாயிருந்தது. 356இல் பெசியே நகரில், ஆரியுவின் பக்கம் சாய்ந்த ஆர்ல் நகர ஆயர் சத்தூர்னீனு முன்நின்று நடத்திய சங்கம் இவரை எதிர்த்தது. பேரரசன் ஆணைப்படி இவர் இன்றைய துருக்கியில் உள்ள பிரீஜியா நாட்டுக்கு அனுப்பப்பட்டார். தூலூஸ் ஆயர் ரொடானியுவும் நாடு கடத்தப்பட்டார். அவர் ஊர் திரும்பவேயில்லை.

நான்காண்டு பரதேச வாசம். புவாத்தியே மக்கள் வேறொருவரை ஆயராக ஏற்கவில்லை. இவரோ பரிசுத்த திரித்துவம் பற்றிப் பன்னிரண்டு பாகங்கள் கொண்ட பெருநூலை எழுதினார். இலத்தீன் திருச்சபையில் இப்பொருள் பற்றி அதற்குமுன் இத்தனை விரிவான நூல் எழுந்ததில்லை.

ஆயினும் அந்நூலை எழுதியதைவிட அவர் அங்கே கற்றுக்கொண்டதே பெரிதென்பது எமது எண்ணம். கீழைத்தேசத்து ஆயர்கள் அனைவரும் ஆரியர்கள் என்று மேலைத்தேசத்தார் நினைத்திருந்தனர். அவர்கள் நடுவில் வாழ்ந்த இலாரியார் வேறொன்றைக் கண்டார். அங்கே பலர் ஒரே பொருள் என்ற சொல்லுக்கு அஞ்சினார்கள். பிதாவும் சுதனும் இரு பெயர் கொண்ட ஒரே ஆள் என்ற பழைய தப்பறைக்கு அது இடங்கொடுக்கும் என்பது அவர்கள் பயம். எனவே ஒத்த பொருள் என்றார்கள். கிரேக்க மொழியில் இரண்டு சொல்லுக்கும் ஓரெழுத்தே வித்தியாசம். அவ்வெழுத்துப் பெரிதல்ல என்று இலாரியார் சொல்லவில்லை. நீசேயாவின் சொல்லையே பற்றி நின்றார். ஆனால் அம்மனிதர்கள் எதைக் கருதிப் பேசுகிறார்கள் என்று பொறுமையோடு ஆராய்ந்தார். தேவசுதனைப் படைப்பு என்று சொல்பவன் வேறு, சொல்லுக்கு அஞ்சுபவன் வேறு என்று காலியாவின் ஆயர்களுக்கு விளக்கி ஒரு நூல் எழுதினார். கீழைத்தேசத்தாருக்கும் அதிலேயே அச்சம் தீர்த்தார். இதற்காகத் தம் பக்கத்தாரிடமே குறை கேட்க நேர்ந்தது. அதே விசுவாசத்துக்காக நாடு கடத்தப்பட்ட சார்தீனியாத் தீவு ஆயர் லூசிபர் இதை விட்டுக்கொடுப்பென்று கருதினார்.

359இல் மேலைத்தேசத்து ஆயர்கள் நானூறுக்கு மேற்பட்டோர் இத்தாலியில் ரிமினி நகரில் கூட்டப்பட்டனர். முதலில் நீசேயாவில் உறுதியாக நின்றவர்களை ஊர் திரும்ப விடாமல் மாதக்கணக்கில் தடுத்து வைத்து, மழுப்பலான ஒரு பிரமாணத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சிலர் ஏமாந்தார்கள், பலர் களைத்துப் பயந்து பணிந்தார்கள். அடுத்த ஆண்டு இலாரியார் கொன்ஸ்தாந்தினோபிளில், அரசன் முன்னிலையில் வாதிட அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. கீழைத்தேசத்தைக் குழப்புகிறவர் என்று சொல்லி அவரைக் காலியாவுக்கே அனுப்பிவிட்டார்கள்! அக்காலத்தில் அரசனுக்கு எதிராக அவர் எழுதிய நூல் மிகக் காரமானது. நீரோவோடும் தேசியுவோடும் அவனை ஒப்பிடுகிறது. சாந்தமானவர் என்று பெயரெடுத்தவரின் எழுதுகோலா இது என்று எண்ணத் தோன்றும்.

ஊர் திரும்பியவரைத் தேடி வந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் தூர் நகர ஆயரான புனித மார்தீனார். புவாத்தியே அருகே லிகூஜே என்னுமிடத்தில் அவர் துறவற வாழ்வு தொடங்கினார்.

இப்போது கடினமான கேள்வி வந்தது. ரிமினியில் கையெழுத்திட்ட ஆயர்களை என்ன செய்வது? காலியாவிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். இவர்களை விலக்க வேண்டும் என்பது லூசிபர் போன்றோரின் நிலை. நான்காண்டு துன்புற்ற இலாரியார் அப்படிக் கேட்டிருந்தால் யார் மறுக்க முடியும்? அவர் கேட்கவில்லை. 360இல் போர்வீரர் யூலியானைப் பாரிஸ் நகரில் பேரரசனாக அறிவித்தபின், காலியாவில் கொன்ஸ்தாந்தியுவின் பிடி தளர்ந்திருந்தது. அவ்வேளையில் பாரிசில் கூடிய சங்கத்தில், பிழையை ஏற்று நீசேயாவின் விசுவாசத்துக்குத் திரும்பியவர்களைத் தத்தம் ஆசனத்திலேயே இருக்க விட்டார்கள். ஆனால் சத்தூர்னீனு மன்னிக்கப்படவில்லை; பிறரை விழச் செய்தவனும் விழுந்தவனும் ஒன்றல்ல என்பது இலாரியாரின் கணக்கு. 362இல் அலெக்சாந்திரியாவில் அத்தனாசியாரும் இவ்வழியையே பின்பற்றினார். லூசிபரோ இணங்காமல் பிரிந்து நின்றார்.

எல்லாவற்றிலும் இலாரியார் வென்றார் என்று சொல்வதற்கில்லை. 364இல் மிலான் சென்று, அந்நகரின் ஆரிய ஆயர் அவுக்சென்சியுவை எதிர்த்தார். அமைதியை விரும்பிய பேரரசன் வலெந்தினியான் இவரையே நகரைவிட்டுப் போகச் சொன்னான். ஏன் போகிறோம் என்பதை ஆயர்களுக்கும் மக்களுக்கும் எழுதி வைத்துவிட்டுத் திரும்பி, சங்கீதங்களுக்கு விளக்கம் எழுதுவதில் எஞ்சிய நாட்களைக் கழித்தார். 367ஆம் ஆண்டளவில் புவாத்தியேயில் மரித்தார். 1851இல் பாப்பரசர் 9ஆம் பத்திநாதர் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அவுக்சென்சியுவோ 374வரை மிலானில் ஆயராகவே இருந்தார். அவர் இறந்தபின் அவ்வாசனத்துக்கு மக்கள் தெரிந்துகொண்டவர், அந்நாளில் ஞானஸ்நானங்கூடப் பெற்றிராத அம்புரோசியார்.