தட்டும் குறடும் கண்ட லாஞ்செஸ்ரர்

பெரியகல்லாற்றிலே கடலுக்கும் வாவிக்கும் இடையே செல்லும் பெருந்தெருவின் ஓரத்தில் என் பழைய மாணாக்கர் ஒருவர் வாகனந் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறார். சென்ற மாதம் ஒரு மாலை அவ்வழியே போனபோது, கழற்றிய சில்லுகளின் நடுவே அவர் அமர்ந்திருக்கக் கண்டேன். கட்டுக்குருந்தை விமான ஓடுதளத்தில் ஓட்டுதற்கெனத் தமது சிறிய ஸ்போர்ட்ஸ் காரை ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தார். எஞ்சினுக்கு வலுவேற்றுகிறாரோ என வினவினேன். அது பின்னர் ஆகட்டும், முதலிற் கார் நிற்க வேண்டும் என்பது அவர் விடை.

சென்ற ஆண்டு ஓர் ஓட்டத்திலே, வளைவொன்றில் அவர் பிறேக்கை மிதிக்க, மிதி தடையின்றித் தரைவரை தாழ்ந்ததாம். புற்றரையில் உருண்டு போய் உயிர் தப்பியிருக்கிறார். அவருடைய அன்னையார் இன்றும் அதனை அறியார். காரணத்தை அவரே எனக்குப் பாடஞ் சொன்னார். வேகம் இருமடங்கானால், நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம் நான்மடங்காகும். தெருவில் ஓடும் காரின் பிறேக் ஒருமுறை சூடேறினாற் பின்பு ஆறுதற்கு நேரம் உண்டு; ஓட்டத்திடலிலோ ஆறுமுன் அடுத்த வளைவு வந்துவிடும். அப்போது கட்டைகள் பிடிப்பை இழக்கின்றன. பிறேக் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றுகின்றன. மிதிக்கும் வலிமையெல்லாம் குமிழியை நெரிப்பதிலேயே கழிகிறது. ஆதலால் முற்சில்லுகளுக்கு அகன்ற தட்டுகளை வாங்கியிருந்தார். அவற்றின் உள்ளே காற்றோடும் வழிகள் இருந்தன. ஒற்றைப் பிஸ்டன் கலிப்பரை நீக்கி நான்கு பிஸ்டன் கலிப்பரைப் பூட்டினார். கட்டையும் எண்ணெயும் மாற்றாமல் தட்டை மட்டும் பெரிதாக்குவது வீண்செலவென்றும் சொன்னார்.

கலிப்பரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தமிழாசிரியனுக்குச் சொல்லின் மேலன்றோ கண் செல்லும்! கொல்லன் உலைக்களத்துக் குறடேதான் அது. சுழலும் தட்டின் விளிம்பை இருபுறமும் கவ்வுகிறது. இக்குறட்டை முதலில் எண்ணியவர் யாரென்று கேட்டேன், மாணாக்கர் அறிந்திலர். தேடிப் படித்ததில் எதிர்ப்பட்டவரே பிரடெரிக் லாஞ்செஸ்ரர்.

இவர் 1868ஆம் ஆண்டு இலண்டனைச் சார்ந்த லூயிஷம் என்னுமிடத்தில் ஒரு கட்டடக் கலைஞருக்கு மகனாகப் பிறந்தார். இலண்டனில் அறிவியல் பயின்றும் பட்டம் பெற்றிலர். பேர்மிங்ஹம் நகரில் வாயு எஞ்சின் செய்யும் தொழிற்சாலையிற் பணி ஏற்றார். 1895இல் தம் முதற் காரைக் கட்டினார். குதிரை வண்டியில் எஞ்சினைப் பூட்டிவிட்டால் மோட்டார் வண்டி ஆகிவிடும் என்று பலரும் நம்பிய நாள் அது. இவரோ ஒவ்வோர் உறுப்பையும் முதலிலிருந்தே எண்ணிப் பார்த்தவர். 1899இல் இவரும் சகோதரர்களும் தொடங்கிய கம்பெனி நல்ல கார்களைச் செய்தது. கையில் முதல் இன்மையால் 1904இல் நொடித்து, மீண்டும் எழுந்தது. பிற்காலத்தில் நவநகர் அரசர் ரஞ்சித்சிங்ஜியும் அக்கம்பெனியின் கார்களை விரும்பி வாங்கினார்.

1902இல் அவர் தட்டுப் பிறேக்குக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். சில்லோடு சேர்ந்து சுழலும் மெல்லிய உலோகத் தட்டு. அதன் விளிம்பை நெரிக்கும் இரு தாடைகள். இன்று என் மாணாக்கர் பூட்டியதன் உயிர் முழுதும் அதில் இருக்கிறது. ஆயின் தாடைக்கு உறை வேண்டுமே! கிடைத்தது செம்பு. அந்நாளைத் தெருக்கள் புழுதிக் காடுகள். புழுதி புகுந்து செம்பு விரைவில் தேய்ந்தது. உலோகத்தோடு உலோகம் உராய்ந்து எழுப்பிய கீச்சொலியோ காது பொறுக்கக் கூடியதன்று. ஹேபேட் புரூட் என்பவர் 1907இல் கல்நார் உறையைப் பிறேக்குக்குக் கொண்டுவந்தார். அதற்குள் உலகம் தட்டை விட்டுவிட்டு உருளைப் பிறேக்கின் வழியிற் சென்றுவிட்டது. எண்ணம் சரி, பொருள் கிட்டவில்லை, இவ்வளவே நிகழ்ந்தது. அவர் பிழை செய்தார் என்று எழுதுவோருடன் யான் உடன்படேன்.

அவர் வாழ்வு முழுதும் இப்படித்தான் போயிற்று. கடற்பறவைகள் சிறகசையாது மிதப்பதைக் கண்டு, சிறகு ஏன் மேலெழுகிறது என்பதற்குக் காற்றின் சுழற்சியைக் காரணங் காட்டினார். 1897இல் அக்கட்டுரையை அறிஞர் கழகம் ஏற்க மறுத்தது. 1907இலும் 1908இலும் இரு பெருநூல்களாக அவர் வெளியிட்ட பின்னரும் இங்கிலாந்தில் விளங்கிக்கொண்டோர் சிலரே. செர்மனியிற் பிராண்டில் அத்துறையை நிலைநாட்டியபின்தான் இவர் பெருமை தெரிந்தது. படைகளின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்து உயரும் என்னும் அவருடைய போர்க்கணக்கை இன்றும் பயில்கின்றனர். இத்தகையவர் வேறொரு புனைபெயரிற் கவிதை நூலும் வெளியிட்டார் என்றறிந்தபோது எனக்கு அவர்பால் அன்பு மிகுந்தது. நம் காரைதீவு விபுலாநந்த அடிகளும் அறிவியற் பட்டம் பெற்ற பின்னரன்றோ யாழின் கணக்கை ஆராய்ந்தார்கள்!

முதுமை அவருக்குக் கொடிதாயிற்று. நடுக்குவாத நோய் பற்றியது; கண்ணொளி மங்கியது. ஒலிபெருக்கி செய்யும் முயற்சியிற் கைப்பொருள் கரைந்தது. மோட்டார் உற்பத்தியாளர் சங்கம் அளித்த உதவியே இறுதி நாட்களிற் கைகொடுத்தது. 1946 மார்ச் 8ஆம் நாள் பேர்மிங்ஹமில் மறைந்தார், மக்கட்பேறு இல்லை.

ஏழாண்டுகள் கழிந்தன. 1953 யூன் மாதம், பிரான்சு நாட்டு லே மான் நகரின் 24 மணி நேர ஓட்டத்தில் ஜாகுவார் கார் ஒன்று தட்டுப் பிறேக்குடன் ஓடியது. உருளைக்குள் வெப்பம் அடைபட்டு மற்றவர் பிறேக்குகள் தளர, காற்றுப்படச் சுழன்ற தட்டோ குளிர்ந்துகொண்டே இருந்தது. ரோல்ற், ஹமில்ரன் என்னும் இருவர் அக்காரை மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் ஓட்டி முதலிடம் பெற்றனர். 1955இற் சித்ரோயன் கார் முற்சில்லுகளில் அதனைத் தாங்கி வீதிக்கு வந்தது.

சென்ற ஞாயிறு விடியலில் மாணாக்கர் புதுக் கட்டைகளைத் தட்டோடு பழக்கினார். வாவிப் பாலத்தருகே வெறிச்சோடிய தெருவில் ஓட்டுவதும் மெல்ல நிறுத்துவதுமாகப் பலமுறை சென்றுவந்தார். ஓட்டத்துக்குரிய கட்டைகள் அல்லவா, ஒவ்வொரு தரமும் கீச்சென்று அலறின. அயலார் ஒருவர் வேலியருகே வந்து, இவ்வளவு பணங் கொடுத்தும் இந்தச் சத்தமா என்று என்னைக் கேட்டார். 1902இலேயே இச்சத்தம் இருந்ததென்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.