வெள்ளத்தை மடக்கிய விசுவேசுவரய்யா

பெங்களூரை அடுத்த முத்தேனஹள்ளியில் பிறந்தவர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. இளமையிலேயே தந்தையை இழந்து, டியூஷன் சொல்லிக் கொடுத்துக்கொண்டே சென்ட்ரல் காலேஜில் படித்தார். 1884-ல் பம்பாய் மராமத்து இலாகாவில் உதவி என்ஜினீயரானார்.

1908 செப்டம்பரில் மூசி நதி பெருகி ஐதராபாத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நிஜாம் அரசு அவரை அழைத்தது. நகருக்கு மேலேயே வெள்ளத்தை மடக்க வேண்டும் என்று இரு நீர்த்தேக்கங்களுக்குத் திட்டம் தந்தார். உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் அப்படி வந்தவையே.

1909-ல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமை என்ஜினீயர். 1912 முதல் 1918 வரை திவான். 1911-ல் கண்ணம்பாடியில் காவிரிக்குக் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர் அணை வேலை தொடங்கியது. தஞ்சைப் பாசனம் கெடும் என்று அஞ்சிய சென்னை மாகாண அரசு 11 டி.எம்.சி. நீர் தேக்கவே சம்மதித்தது. மைசூரோ 41.5 டி.எம்.சி.க்குத் தக்கபடி அகலமாகவே அஸ்திவாரம் போட்டுவிட்டது! தகராறு முற்றி, 1924-ல்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது. மேட்டூர் அணைக்கு வழி பிறந்ததும் அதில்தான். மண்டியா விவசாயி இன்றும் அவர் படத்தை வணங்குகிறான். தஞ்சை விவசாயிக்கு அந்தப் பெயர் கசந்தால் வியப்பில்லை.

நூறு வயதைக் கடந்து 1962 ஏப்ரலில் பெங்களூரில் காலமானார். பெங்களூர்க் குழாய்களில் காவிரி நீர் வந்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1974-ல்.