கரும்பின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள் (1897 - 1984)



தைப்பொங்கலன்று நீங்கள் கடித்துச் சுவைக்கும் கரும்புக்கு அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது? இலைகளில் ஒளித்தொகுப்பின் விளைவாக உண்டாகும் வெல்லங்களிலிருந்து நொதியங்கள் சுக்குரோசை ஆக்குகின்றன. அது தண்டில் சேமிக்கப்படுகிறது. இன்வேற்றேசு என்னும் நொதியமோ சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் உடைக்கிறது. இந்நொதியங்களை ஆக்குவதற்கான கட்டளைகள் பரம்பரையலகுகளில் உள்ளன. பரம்பரையலகுகள் நிறமூர்த்தங்களில் அமைந்துள்ளன. கரும்பின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்து புகழ்பெற்றவரே ஜானகி அம்மாள்.

இவர் 1897 நவம்பர் 4ஆம் திகதி கேரளத்தின் தலச்சேரியில் பிறந்தார். பெண்களுக்குத் திருமணமே முடிவு எனக் கருதப்பட்ட காலத்தில் இவர் கல்வியைத் தெரிந்தெடுத்தார். சென்னையில் தாவரவியல் கற்று, புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா சென்று, 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

1934இல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் இணைந்தார். இனிப்பு மிகுந்த கரும்பினத்தில் 80 நிறமூர்த்தங்கள் உள்ளன. காட்டுக் கரும்பில் இனிப்புக் குறைவு. ஆனால் தாங்கும் வலிமை அதிகம். அதன் நிறமூர்த்த எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் வேறுபடும். ஜானகி அம்மாள் கரும்பைச் சோளம் உட்பட வேறு புல்லினங்களுடனும் கலந்து, பிறந்த கலப்பினங்களின் நிறமூர்த்தங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார்.

இங்கு ஒரு தவறைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர் இவர் ஒருவரே எனப் பலர் எழுதிவிடுகின்றனர். கோ 205 என்னும் புகழ்பெற்ற கலப்பினத்தை இவருக்கு முன்னரே பார்பரும் வெங்கட்ராமனும் உருவாக்கிவிட்டனர். கலப்பின்போது நிறமூர்த்தங்களுக்கு என்ன நிகழ்கிறது என்பதை விளக்கியதே இவரது பணி.

பெண் என்பதாலும் சாதியாலும் இவர் பாகுபாட்டைச் சந்தித்தார். ஆயினும் ஆய்வைக் கைவிடவில்லை. இங்கிலாந்து சென்று, இலண்டனில் குண்டுகள் விழுந்த போர்க்காலத்திலும் உழைத்தார். 1945இல் டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த்தாவரங்களின் நிறமூர்த்தத் தொகுப்பு நூலை வெளியிட்டார். 1951இல் பிரதமர் நேருவின் அழைப்பையேற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தைச் சீரமைத்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எண்பது வயதிலும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்கக் குரல் கொடுத்தார். 1984 பெப்ரவரி 7ஆம் திகதி காலமானார்.

நினைவிற் கொள்க: பரம்பரையலகு → நொதியம் → வெல்லம். இவ்வொழுங்கு விளங்கினால், பரீட்சையில் எவ்வாறு வினவினாலும் உங்களால் விடையளிக்க முடியும். தடைகள் வரும்போது ஜானகி அம்மாளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.