ஜாம்பவானின் பணி செய்த சமர்த்தர்

சீதாபிராட்டியைத் தேடித் தென்திசை வந்த வானரர்கள் கடற்கரையில் சோர்ந்து அமர்ந்தனர். கடலைத் தாண்டும் வல்லமை ஆஞ்சநேயரிடம் இருந்தது. அவரோ அதை உணராமல் ஒதுங்கியிருந்தார். முதுமையால் தம்மால் இயலாது என்பதை அறிந்த ஜாம்பவான், அவரை நாடி அவரது பலத்தை எடுத்துரைத்தார். ராமகாரியம் நிறைவேற வழி பிறந்தது.

ஜாம்பவானின் இந்தப் பணியை 17ஆம் நூற்றாண்டில் மஹாராஷ்டிரத்தில் செய்தவர் சமர்த்த ராமதாஸர்.

1608ஆம் ஆண்டு ஸ்ரீராமநவமியன்று ஜாம்ப் என்ற கிராமத்தில் அவர் அவதரித்தார். இயற்பெயர் நாராயணன். இளம் வயதில் மணமேடையிலிருந்தே வெளியேறி, நாசிக் அருகிலுள்ள டாக்ளியில் 12 ஆண்டுகள் தவம் இயற்றினார். அடுத்த 12 ஆண்டுகள் பாரதமெங்கும் யாத்திரை செய்தார். போராலும் பஞ்சத்தாலும் மக்கள் மனவலிமை இழந்திருந்ததைக் கண்டு அவர் உள்ளம் நெகிழ்ந்தது. தவத்தின் பயனைத் தமக்கென்று வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை.

கிருஷ்ணா நதி பாயும் பகுதியில் தங்கிப் பணியைத் தொடங்கினார். 1648இல் சாபள் கிராமத்தில் ஸ்ரீராமர் கோவில் எழுந்தது. சுற்றுவட்டாரத்தில் 11 மாருதி கோவில்களை நிறுவினார். அங்கே இளைஞர்கள் வழிபாட்டோடு உடற்பயிற்சியும் பழகினர். ராமநவமி விழா ஊராரை ஒன்றுசேர்த்தது.

விழா முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும். பணி தொடர வேண்டுமானால் பொறுப்பேற்கும் மனிதர்கள் வேண்டும். இதை உணர்ந்த சமர்த்தர், சீடர்களின் இயல்பை ஆராய்ந்து ஏற்ற பணியை அளித்தார். எழுதும் திறன் பெற்ற கல்யாண சுவாமி 'தாஸபோத'த்தை எழுத்தில் வடித்தார். இளமையிலேயே கணவரை இழந்த வேணாபாயிடம் மிரஜ் மடத்தை ஒப்படைத்தார். பெண்கள் பொதுவில் கீர்த்தனம் செய்யாத அக்காலத்தில் அவருக்கு அந்த உரிமையையும் தந்தார். தலைவன் தன்னைப் போன்ற தலைவர்களை உருவாக்க வேண்டும் என்பது தாஸபோதத்தின் முக்கியமான உபதேசங்களுள் ஒன்று.

1682இல் ஸஜ்ஜன்கட் கோட்டையில் சமர்த்தர் ஸ்ரீராமருடன் ஒன்றினார். அவருக்குப் பின் பணி நின்றுவிடவில்லை. அக்காபாய், திவாகர் கோஸாவி முதலிய சீடர்கள் அதைத் தாங்கி நின்றனர்.

சேவைக் களத்தில் எல்லாவற்றையும் தாமே செய்பவரை நாம் போற்றுகிறோம். ஆனால் அவர் இல்லாத நாளில் அப்பணி என்னவாகும்? நம் அருகிலேயே தம் பலத்தை அறியாத ஒரு ஆஞ்சநேயர் அமைதியாக அமர்ந்திருக்கலாம். அவரைக் கண்டறிந்து, நம்பிக்கையூட்டி, பொறுப்பை அளிப்பதும் ராமகாரியமே.